வெளிச்சவீடும் மலையும் சேர்கிற இடம்

ஜவாஹிர் காரணமில்லாமல் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. காரணம் கிடைக்கும்வரை பொறுமையாக இருப்பான். கிடைக்காவிட்டால் தேடி எடுத்துக்கொள்வான். மீன் எடுக்க வருகிற வியாபாரி சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பான். சிரிக்காமல் போனால் அன்றைக்கு முழுக்க யோசிப்பான். மூதூர்க் கடற்கரையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அவன் தலை தெரிந்ததுமே கதையை மாற்றுவார்கள். அதைக் கண்டு அவனுடைய சந்தேகம் இன்னும் கொஞ்சம் கொழுக்கும்.

அப்பேர்ப்பட்டவனும் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். வாப்பா காட்டிக்கொடுத்த கல்பார். கடலுக்கு அடியில் கிடக்கிற அந்தக் கல்லைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர வழி இருந்தது. குடாவுக்குள் படகை ஓட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் வட்டத்தீவு வெளிச்சவீடு, கோணேசர் மலையின் நுனிக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். அப்படியே திரும்பி ஊரைப் பார்த்தால் பள்ளிவாசல் மினாரா, தண்ணீர்த் தாங்கிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் ஈயக்குண்டை இறக்கினால் கீழே கல் தட்டும். கல் தட்டினால் கலவாயும் விளைமீனும் அன்றைக்கு உண்டு.

அந்தக் குடாவில் தூண்டில் போடுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு பாரும் அதற்கு ஓர் அடையாளமும் இருந்தன. அடையாளத்தை யாரும் யாரிடமும் வாய் விடமாட்டார்கள். கூடப் பிறந்தவனிடமே மறைக்கிற ஆட்கள் உண்டு. தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தால் வேறு எங்கோ போகிறவர்கள்போல ஓடி, அது மறைந்த பிறகு சுற்றிக்கொண்டு தங்கள் இடத்துக்கு வருவார்கள். ஜவாஹிர் தன் அடையாளத்தைச் சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான். தங்கச்சி லைலாவைக் கட்டின நஸ்ரியிடம். ஒருவர் இஞ்சினைப் பிடித்தால் மற்றவர் முன்பக்க அணியத்தில் நின்று அடையாளம் பார்க்க வேண்டும், சொல்லாமல் முடியாது. சொன்ன நாளிலிருந்து மச்சானை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கச்சான் காற்று அடங்கி, கடல் தகடாகக் கிடந்த ஒரு காலை. நஸ்ரி அணியத்தில் நின்று முன்னும் பின்னும் பார்த்துக் கையைத் தூக்கினான். ஜவாஹிர் இஞ்சினை நிறுத்தினான். அவனும் ஒரு தடவை பார்த்தான். வெளிச்சவீடு மலைநுனியை மறைத்து நின்றது. மினாரா தாங்கியை மறைத்து நின்றது. மயிரிழை பிசகில்லை.

நஸ்ரி ஈயத்தை இறக்கினான். கயிறு போய்க்கொண்டே இருந்தது.

"கல் தட்டல்லியா?" என்று ஜவாஹிர் கேட்டான்.

"இல்ல மச்சான். இன்னம் இறங்குது."

கையிலிருந்த கயிறு முடிந்தது. வேறொரு கயிற்றை அதோடு முடிச்சுப் போட்டு விட்டார்கள். அதுவும் முடிந்தது. நஸ்ரி சட்டைப்பைக்குள்ளிருந்து தன்னுடைய ஜீ.பி.எஸ். கருவியை எடுத்தான். புல்மோட்டையில் இருக்கிற சாச்சாவின் மகன் கொடுத்தது அது. பாரின் இடத்தை அதில் எப்போதோ பதிந்து வைத்திருந்தான்.

"இது வேற இடம் காட்டுது. நம்மட பார் அங்கால கிடக்கு, நாம விலத்தி வந்திட்டம்."

"மலை விலத்துமா, உன்ட அந்தச் சாமான் விலத்துமா?"

நஸ்ரி கருவியில் இந்த இடத்தையும் பதிந்துவிட்டுக் கயிற்றை இழுக்கத் தொடங்கினான். இழுத்து முடிக்கக் கை சிவந்துவிட்டது. கடைசியில் ஈயம் மேலே வந்தது. அதைக் கையில் எடுத்தவன் எடுத்தபடியே நின்றான். பிறகு ஜவாஹிரிடம் நீட்டினான்.

கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈயம் காய்ந்து கிடந்தது. வெயிலில் கிடந்த கல்லைப்போல இளஞ்சூடாகவும் இருந்தது. ஜவாஹிர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு முதலில் பயம் வரவில்லை. நஸ்ரி என்ன செய்தான் என்ற யோசனைதான் வந்தது. இழுக்கும்போது துடைத்திருப்பானோ? துடைத்தால் எதற்காக? விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத கேள்வியை அவன் வீசுகிறவன் அல்ல; உள்ளே போட்டு வைத்தான்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். அடையாளம் சேரும், அடி இருக்காது. கருவி காட்டுகிற இடத்துக்குப் போவோம் என்று நஸ்ரி சொல்லிப் பார்த்தான். ஜவாஹிர் மசியவில்லை. வாப்பா பொய் சொல்லியிருக்கமாட்டார். மலையும் சொல்லாது. மிச்சம் இருக்கிறது யார்?

பிறகு ஒரு நாள் அவர்கள் போய்ச் சேரும்போது அந்த இடத்தில் குணரத்தினத்தின் படகு நின்றது. குணரத்தினம் திருகோணமலைப் பக்கத்து ஆள், வயதில் மூத்தவர். அவருடைய பார் துறைமுக வாயிலை ஒட்டி எங்கோ இருக்கிறது என்பது குடாவில் எல்லோரும் அறிந்தது. அந்த மனிதர் இவ்வளவு தூரம் தள்ளி வந்து, ஜவாஹிரின் வாப்பாவுடைய இடத்தில் கயிற்றை இறக்கிக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளிக் கிண்ணியாவைச் சேர்ந்த முனீபின் படகு. அதற்கு அங்கால் இன்னும் சில. ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜவாஹிர் தன் படகை அவருடைய படகோரம் கொண்டுபோய் நிறுத்தினான். "அண்ணன், இந்த இடத்த உங்களுக்கு ஆரு காட்டின?"

"அதை நான் கேக்கவேணும்," என்றார் குணரத்தினம். "இது என்ர அப்பர் இருந்த இடம். நீர் எப்பிடி இஞ்ச வந்தனீர்?"

"உங்கட இடம் துறைமுக வாயிலடியில எண்டு ஊருக்கே தெரியும்."

"நான் என்ர அடையாளம் பாத்துத்தான் வந்தனான். ஒருத்தரையும் கேட்டு வரேல்லை. நீர் ஆரைக் கேட்டு வந்தனீர்?"

இருவரும் தங்கள் அடையாளத்தைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லக்கூடாத ஒன்றை, வெட்டவெளிக் கடலில் இத்தனை காதுகளுக்கு நடுவில் எவன் சொல்வான்? ஜவாஹிர் திரும்பி நஸ்ரியைப் பார்த்தான். நஸ்ரி அந்தப் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. குற்றவாளியின் முகம் வேறு எப்படி இருக்கும்?

கரைக்கு வந்து படகை ஏற்றியதும் ஜவாஹிர் கேட்டான். 

"புல்மோட்டைக்கு அடிக்கடி போனியே, சும்மாவா போன?"

"சாச்சாட மகன்ட வீட்டுக்குப் போன. அதுக்கென்ன இப்ப?"

"அந்தச் சாமான அவன் சும்மாவா தந்தான்? என்ட வாப்பாட இடத்த அதில பதிஞ்சு குடுத்திருக்கிறாய். இண்டைக்குக் குடாவில உள்ள அத்தன போட்டும் அங்க நிக்கிது."

நஸ்ரி கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். "நான் வித்த எண்டு சொல்றிங்களா?"

"நான் சொல்லல்ல. கடல்ல நிக்கிற போட்டுகள் சொல்லுது. அதை இஞ்ச தா."

நஸ்ரி கருவியைக் கொடுத்தான். "இனி உங்கட போட்டுக்கு நான் வரமாட்டன்," என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜவாஹிருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பின்னேரம் ஜவாஹிர் வழக்கம்போலத் தங்கச்சி வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினான். மீன் பையோடு திரும்பி வந்தது. கழுவக்கூட இல்லை. அவனுடைய மனைவி சுஹைரா பையை வாங்கிக் குசினியில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "லைலா அழுதாவாம்," என்றாள். அவன் மனம் எரிந்தது. அழுகிறவள் புருஷனிடமல்லவா கேட்க வேண்டும்?

குற்றவாளி கிடைத்தாயிற்று, இனி ஆதாரம் வேண்டும். ஜவாஹிர் கிண்ணியாப் பாலத்தால் போகிற பஸ்ஸில் ஏறித் திருகோணமலைக்குப் போனான். குணரத்தினத்தின் வாயிலிருந்து நஸ்ரியின் பெயரைப் பிடுங்கிவிட்டால் போதும். லைலாவின் முன்னால் கொண்டுபோய் வைக்கலாம். குணரத்தினம் உட்துறைமுகத்தின் கரையில் ஒரு வேப்பமரத்தடியில், இஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உதவிக்கு ஒருவரும் இல்லை.

"தம்பியார் எங்க?" என்றான் ஜவாஹிர். குணரத்தினத்தின் தம்பி எப்போதும் அவரோடுதான் தொழிலுக்குப் போவான்.

"கலைச்சுப்போட்டன்." அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தார். "என்ர அடையாளத்தை உங்களுக்கெல்லாம் வித்தவனை வீட்டுக்குள்ள வைச்சிருக்க ஏலுமே?"

ஜவாஹிர் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் பிடுங்க வந்த பெயர் வேறு. கிடைத்த பெயர் வேறு. இந்த மனிதரும் தன்னைப்போலவே வீட்டுக்குள் ஒரு கள்வனைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்தார்கள். வேப்பங்கொட்டைகள் பக்கத்துத் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணன்," என்றான் ஜவாஹிர் கடைசியில். "உங்கட தம்பி எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. அல்லாட மேல ஆணை. நான் வாப்பாட அடையாளத்துக்குத்தான் போன. வட்டத்தீவு வெளிச்சவீடும் கோணேசர் மலையும். ஊர்ப்பக்கம் மினாராவும் தண்ணித் தாங்கியும்."

சொன்னதும் அவனுக்கு நடுரோட்டில் உடுப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறதுபோல இருந்தது.  இது என்ன பொறி என்று குணரத்தினம் யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. பிறகு இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ர அது இல்லை. மா அரைக்கிற ஆலைக் கோபுரம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியை மறைக்கவேணும். மற்றப் பக்கம் வேற ரெண்டு. மலையும் இல்லை, மினாராவும் இல்லை."

ஜவாஹிர் மனதுக்குள் குடாவை விரித்துப் பார்த்தான். அந்த அடையாளம் சேருகிற இடம் துறைமுக வாயில்தான். அவனுடைய பாரிலிருந்து எவ்வளவோ தூரம். இரண்டும் ஒரே இடமாக இருக்கவே முடியாது.

இஞ்சினைப் பூட்டிக்கொண்டு அப்போதே புறப்பட்டார்கள். அவரவர் அடையாளத்தை அவரவர் பார்த்துக்கொள்வது. வாய் திறந்து சொல்லிக்கொண்டே போவது. பிறந்த நாள் முதல் பழகிய ஒழுக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து மீறினார்கள். துறைமுக வாயிலைக் கடந்தபோது, "இன்னும் சேரேல்லை," என்றார் குணரத்தினம். ஜவாஹிரின் பார் இருந்த இடத்தைக் கடந்தார்கள். "இன்னும் இல்லை," என்றான் ஜவாஹிர். அன்றைக்கு எல்லாப் படகுகளும் நின்ற இடத்தையும் கடந்தார்கள். மூதூர்க் கரை கிட்ட வந்தது. தென்னைகள் தெரிந்தன. கொடியில் காயப் போட்டிருந்த சேலைகளின் நிறம் தெரிந்தது.

"நிப்பாட்டும்," என்றார் குணரத்தினம். அதே கணத்தில் ஜவாஹிர் கையைத் தூக்கியிருந்தான்.

படகு நின்றது. அவனுடைய வெளிச்சவீடு மலையை மறைத்தது. அவருடைய மா ஆலை எண்ணெய்த் தாங்கியை மறைத்தது. கரையிலிருந்து சின்னப் பிள்ளைகள் நீந்தி வருகிற தூரம் அது. சுற்றிலும் மணல் தெரிந்தது, மணலில் பாசி அசைவது தெரிந்தது. படகுக்கு நேர் கீழே மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாகக் கிடந்தது. குணரத்தினம் ஈயத்தை இறக்கினார். கயிறு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடியைத் தேடாமலே இழுத்தார். வந்த ஈயத்தை அவர் தொடவில்லை. தொட்டுப் பார்க்க அவசியமும் இருக்கவில்லை; அது காய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

ஜவாஹிர் சட்டைப்பைக்குள் கொண்டுவந்திருந்த நஸ்ரியின் கருவியை எடுத்துப் பார்த்தான். பழைய பார் பழைய இடத்திலேயே இருந்தது. அடியில்லாமல் போன முதல்நாள் இடம் அதற்குப் பிறகு. இப்போது நிற்பது இரண்டையும் தாண்டிக் கரைப்பக்கம். கருவி வானத்தைப் பார்த்து இடம் சொல்கிறது. அடையாளமோ நிலத்தைப் பார்த்து. கருவி பொய் சொல்லவில்லை என்றால் நகர்ந்தது நிலம். மலை நகர்ந்திருக்கிறது, மினாரா நகர்ந்திருக்கிறது, அவற்றோடு சேர்ந்து ஊரும் நகர்ந்திருக்கிறது, எல்லோருடைய அடையாளமும் ஒரே இடத்தில் வந்து சேரும்படி. நிலத்தில் நடக்கிறவனுக்கு எதற்குப் பின்னால் எது நிற்கிறது என்பது எதற்கு? பார்த்திருக்கமாட்டான். பார்க்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களோ ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்கமாட்டார்கள்.

"எங்களை நல்லா அறிஞ்ச ஒண்டுதான் இது," என்றார் குணரத்தினம் மெதுவாக. "ஆளையாள் கேக்கமாட்டம் எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆளாளுக்கு அடிபடுவம் எண்டும் தெரிஞ்சிருக்கு."

"அது எண்டா எது அண்ணன்?"

"எனக்கென்ன தெரியும்."

நஸ்ரி விற்கவில்லை. அது ஜவாஹிரின் நெஞ்சில் அப்போதுதான் இறங்கியது. அவன் கரையைப் பார்த்தான். அந்த இடம் நகர்ந்து வந்த வழியைக் கண்ணால் நீட்டிக்கொண்டு போனால், கரையில் முதலில் வருவது ஒரு சிவப்புத் தகரக் கூரை. அது லைலாவின் வீடு.

அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. ஆண் கட்டிக்கொண்டு போய் மனைவியின் வீட்டில் இருப்பான். தன் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காதவரை அவன் ஆண்பிள்ளை என்று தலை நிமிர முடியாது. லைலாவின் வீட்டை ஜவாஹிர்தான் கட்டினான். கட்டார் நாட்டில் வெயிலில் நின்று உழைத்ததெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை அங்கே போனான். படலையைத் திறந்து முற்றத்துக்குள் கால் வைத்தவன், முதலில் கடலைப் பார்த்தான். அந்த முற்றத்திலிருந்து பார்த்தால் மலை ஒரு பக்கம் நிற்கும், வட்டத்தீவு அதிலிருந்து நன்றாக இடப்பக்கம் தள்ளி நிற்கும். சிறுவயதில் அங்கே மணல் விளையாடியவன் அவன். மறக்கிற காட்சி இல்லை. இப்போது இரண்டும் கிட்ட வந்திருந்தன. கிணற்றடிக்கு நடந்தான். நடக்க நடக்க வெளிச்சவீடு மலையை நோக்கி ஊர்ந்தது. கிணற்றுக் கட்டைத் தொட்டபோது அதன் முன்னால் போய் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மினாரா எங்கே நிற்கும் என்று தெரிந்திருந்தது.

நஸ்ரி வாசலுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லைலா.

"என்ன மச்சான், கிணத்தப் பாக்கிறிங்க?"

"நஸ்ரி, நான் பிழை விட்டுட்டன். நீங்க ஒண்டும் விக்கல்ல. எனக்கு இப்பதான் விளங்கின." ஜவாஹிர் மூச்சு வாங்கினான். "மன்னிச்சுக்கங்க. ஆனா இப்ப அதுக்கு நேரமில்ல. வீட்ட விட்டு வெளிக்கிடுங்க. உடுப்புக்கூட வேணாம். என்ட வீட்டுக்கு வாங்க, இல்லாட்டி வெருகல் பக்கம் எங்கயாவது போவம்."

நஸ்ரி அவனைக் கூர்ந்து பார்த்தான். நேற்றுவரை கள்வன் என்றவன் இன்று மன்னிப்புக் கேட்கிறான்; கேட்ட வாயாலேயே வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறான். ஜவாஹிரே அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பானோ அதைத்தான் நஸ்ரி நினைத்தான்.

"வீடு வேணுமெண்டா நேரா கேளுங்க," என்றான். "இந்த மன்னிப்பெல்லாம் எதுக்கு?"

"வீட்ட ஆரு கேட்ட? அடி இல்லாத அந்த இடம் கரைக்கு வந்திட்டு. இந்தா, இந்தக் கிணத்தடிக்கு வந்து நிண்டு பாருங்க."

"காக்கா," என்று தமையனைக் கூப்பிட்டாள் லைலா.  "வாப்பாட வளவில நீங்கதான் கட்டித் தந்திங்க. அது எனக்கு எண்டைக்கும் ஞாபகம் இரிக்கி. அதத் திருப்பி எடுக்க இப்பிடிக் கதை கட்டத் தேவல்ல."

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. குணரத்தினம் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கிண்ணியா முனீப். யாரையும் கவனிக்காமல், அவரவர் அடையாளம் சேர்கிற இடத்தைத் தேடி இருவரும் முற்றத்தில் நடந்தார்கள். நின்று தூரத்தைப் பார்த்தார்கள். ஓரடி நகர்ந்து மறுபடி பார்த்தார்கள். வேலியைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள். நடந்து நடந்து கிணற்றடிக்கே வந்து நின்றார்கள். காணி வாங்க வருகிறவர்கள் அளந்து பார்ப்பது அச்சுப் பிசகாமல் அப்படித்தான் இருக்கும்.

நஸ்ரி சிரித்தான். "ஆக்களையும் கூட்டி வந்திட்டிங்க."

ஜவாஹிர் எதைச் சொல்லித் தப்புவது? சொல்லச் சொல்ல அது வலுத்துக்கொண்டே போனது. குணரத்தினம் வாயைத் திறந்து, "தம்பி, இந்த இடத்தில இருக்க ஏலாது," என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். வீடு வாங்க வந்தவர் குறை சொல்லி விலை குறைப்பதுபோலத்தான் அது விழுந்தது.

லைலா பிள்ளையை நஸ்ரியிடம் கொடுத்துவிட்டு விறுவிறென்று கிணற்றடிக்கு வந்தாள். ஆண்களை விலக்கி வாளியை எடுத்தாள். தன்னுடைய கிணறு என்று காட்டத்தான் வந்தாள். வாளியை விட்டாள். கப்பி சுழன்றது. தண்ணீரில் விழுகிற சத்தத்துக்கு அவள் காத்திருந்தாள். கயிறு கடைசிவரை ஓடிக் கப்பியில் இறுகி நின்றது. சத்தம் கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லத் தலையை நிமிர்த்தித் தமையனைப் பார்த்தாள்.

"கிணத்தையும் என்ன செஞ்சிங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியில் ஜவாஹிர் தோற்றுப்போனான். பயம் அவளுடைய கண்ணில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயமும் அவனைப் பார்த்தே வந்தது. அவள் உள்ளே போனாள். நஸ்ரி கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

"வாரும், போவம்," என்றார் குணரத்தினம். முனீப் ஏற்கெனவே படலைக்கு வெளியே நின்றான். காலுக்குக் கீழே மணல் சூடேறிக்கொண்டிருந்தது, அதுவும் வெயில் ஏறாத நேரத்தில்.

"நீங்க போங்க அண்ணன். போய் மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்க. உங்கட அடையாளத்தச் சொல்லியே சொல்லுங்க, அப்பதான் நம்புவாங்க."

அவர்கள் போனார்கள். ஜவாஹிர் கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. இவர்களை வெளியே இழுக்க இனி எந்தச் சொல்லாலும் முடியாது என்பது அவனுக்குத் தெளிந்தது. வெளியே வா என்று கூப்பிடுகிறவனைச் சந்தேகப்படலாம். உள்ளே வருகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது?

"லைலா, கதவத் திற. நான் ஒண்டும் கேக்கல்ல. எனக்குத் தேத்தண்ணி தா."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். தானே கதவைச் சாத்தி, கதிரையில் உட்கார்ந்தான். நஸ்ரி எதிரில் நின்றான். பிள்ளை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"குடிச்சிட்டுப் போறதா?" என்றான் நஸ்ரி.

"போகல்ல."

லைலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது அவன் கை நடுங்கியதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. மறைக்க முயன்றான். நஸ்ரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பல வருடம் ஒரே படகில் போனவன்; மச்சானின் கை காற்றிலும் மழையிலும் நடுங்கி அவன் கண்டதில்லை.

"பயமா மச்சான்?"

"ஓம்."

"பயமெண்டா ஏன் உள்ளுக்கு வந்த?"

"நீங்க வெளிய வரல்லியே."

 நஸ்ரியின் முகத்தில் இறுகியிருந்தது எதுவோ மெல்ல அவிழ்ந்தது. சிந்திய தேத்தண்ணி அதற்குள் தரையில் காய்ந்துவிட்டிருந்தது. அதையும் அவன் பார்த்தான். பிள்ளையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டான்.

"லைலா," என்றான். "வெளிக்கிடு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் படியில் கால் வைக்காமல் நின்றாள்.

ஜவாஹிர் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போனான். முற்றம் இருந்தது. கிணறு இருந்தது, படலை இருந்தது, அதற்கப்பால் கடல், வெளிச்சவீடு, மலை. எல்லாம் ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரே கோட்டில், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. இடப்பக்கம் பார்த்தான், அதுவேதான் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினான், அங்கேயும் அதே கிணறு, அதே படலை, அதே கடல்; எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அடையாளம் சேர்கிற, அடியில்லாத இடம்தான்.

லைலா அவனுடைய கையைப் பிடித்தாள். கள்வனென்றோ பொய்யனென்றோ இனி அவள் நினைக்கவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

"எந்தப் பக்கம் காக்கா?" என்றாள். "நீங்க சொல்ற பக்கம் வாறம்."

நஸ்ரியும் பிள்ளையோடு பின்னால் வந்து நின்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.